பித்தப்பையில் விளையும் கற்கண்டு

நாளொன்றுக்கு 800 கலோரி உண்டால் மூன்றே மாதத்தில் நீரிழிவு ஓடிப்போகும் என்று நாளிதழ்களும் காணொளிகளும் சில ஆண்டுகளாகச் சொல்லிவருவதற்கு ஓர் உண்மையான மூலம் உண்டு. 2017 டிசம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், ஸ்காட்லாந்தையும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியையும் சேர்ந்த 306 நீரிழிவாளர்களுள் ஒரு பாதியினர் வழக்கமான உணவை முழுவதும் நிறுத்திவிட்டு, 825 முதல் 853 கலோரி தரும் கரைத்துக் குடிக்கும் மாவுகளை மட்டுமே மூன்று முதல் ஐந்து மாதம் வரை உட்கொண்டனர். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருடைய இரத்தச் சர்க்கரை மருந்தின்றியே நீரிழிவு வரம்புக்குக் கீழே நின்றது. வழக்கமான சிகிச்சை பெற்ற மறுபாதியினரில் இப்படி நின்றவர்கள் 4 விழுக்காட்டினரே. கிளாஸ்கோவின் மைக் லீன், நியூகாஸிலின் ராய் டெய்லர் ஆகியோர் வழிநடத்திய இந்த ஆய்வு பெற்ற பாராட்டுக்குக் குறை சொல்ல ஏதுமில்லை.

தலைப்புச் செய்திகள் விட்டுவிட்டவற்றில்தான் குறை இருக்கிறது. சேர்க்கப்பட்டவர்கள் அனைவரும் நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஒருவரும் இல்லை. நீரிழிவு மாத்திரைகளும் இரத்த அழுத்த மாத்திரைகளும் முதல் நாளிலேயே மருத்துவரால் நிறுத்தப்பட்டன. பயிற்சி பெற்ற செவிலியரோ உணவியலாளரோ இடைவிடாமல் கண்காணித்தனர். ஐந்தாண்டுக்குப் பின்னும் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 13 விழுக்காட்டினர் மட்டுமே அதே நிலையில் இருந்தனர். ஆய்வாளர்கள் எழுதிய சொல் 'தணிவு' என்பதே; 'குணம்' என்பது தலைப்பு எழுதியவர்களின் கொடை.

மருத்துவத்தில் 800 கலோரிக்குக் கீழான உணவுமுறைக்கே 'மிகக் குறைந்த கலோரி உணவு' என்று பெயர். அந்தக் கணக்கில் டைரக்ட் ஆய்வின் உணவு அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் மேலேதான் நின்றது. இத்தகைய உணவில் முதல் வாரத்தில் குறையும் எடையைக் கண்டு மகிழ்பவர்கள் பெரும்பாலும் தண்ணீரைக் கண்டே மகிழ்கிறார்கள். கல்லீரலிலும் தசைகளிலும் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் ஏறத்தாழ அரைக் கிலோ. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்து வைத்திருப்பதால், சேமிப்பு தீரும்போது இரண்டு கிலோ இறங்கிவிடுகிறது, வழக்கமான சோற்றுக்குத் திரும்பியதும் அப்படியே ஏறியும்விடுகிறது. விளம்பரங்களில் வரும் 'ஏழு நாள்' என்ற எண்ணின் செல்வாக்கு இந்தத் தண்ணீரில்தான் மிதக்கிறது.

டைரக்ட் ஆய்வறிக்கையின் பக்க விளைவுப் பகுதியில், யாரும் தலைப்பாக்காத ஒரு வரி உண்டு. உணவுமுறையால் நேர்ந்திருக்கக்கூடும் என்று கருதப்பட்ட கடுமையான பாதிப்புகள் இரண்டே. இரண்டும் ஒரே நபருக்கு வந்தவை. ஒன்று வயிற்றுவலி, மற்றொன்று பித்தப்பை வலி. பட்டினிக்கு அருகிலான ஓர் உணவுமுறை இரைப்பையையோ இதயத்தையோ விட்டுவிட்டு, கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பையைப் பிடிப்பானேன் என்ற கேள்விக்கான விடை, இத்துறையிலேயே மிகவும் சுவையானது.

கல்லீரல் நாள் முழுவதும் சுரக்கும் பித்தநீரில் ஒரு பகுதியைப் பித்தப்பை வாங்கிவைத்து, அதிலுள்ள நீரை உறிஞ்சிப் பல மடங்கு செறிவாக்குகிறது. பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறிய காபித் தம்ளரில் பாதிகூட இராது. உடல் கொலஸ்டிராலை வெளியேற்றுவதற்குள்ள முதன்மையான வழியும் இந்தப் பித்தநீரே. கொலஸ்டிரால் தண்ணீரில் கரையாது என்பதால், பித்த உப்புகளும் லெசித்தின் என்ற கொழுப்புப்பொருளும் அதைச் சூழ்ந்து தாங்கிக் கரைசலாக வைத்திருக்கின்றன. தாங்கும் பொருளின் அளவை மீறிக் கொலஸ்டிரால் ஏறும்போது பித்தநீர் மிகைச்செறிவு அடைகிறது, அதாவது கரைந்திருக்க உரிமையில்லாத அளவுக்கு ஒரு பொருள் கரைந்து நிற்கும் நிலையை எட்டுகிறது.

மிகைச்செறிவை விளக்கத் தமிழ் வாசகருக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, பனங்கற்கண்டு காய்ச்சும் இடம் போதும். பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பானையில் ஊற்றி, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்துவிட்டால், நூலைப் பற்றிக்கொண்டு படிகங்கள் வளர்கின்றன. இதற்கு மூன்று வேண்டும்: பாகு தேவைக்கு மேல் கெட்டியாக இருக்க வேண்டும், படிகம் பிடித்துக்கொள்ள நூல் வேண்டும், பானையை யாரும் தொடக் கூடாது. விரைவாக எடை குறைப்பவரின் பித்தப்பையில் இந்த மூன்றும் ஒருசேரக் கூடுகின்றன. கொழுப்புத் திசு கரையும்போது அதில் முடங்கியிருந்த கொலஸ்டிராலும் வெளிப்பட்டுப் பித்தநீரில் சேர, அதைத் தாங்க வேண்டிய பித்த உப்பின் வரத்தோ குறைந்துபோக, பாகு கெட்டிப்படுகிறது. பித்தப்பையின் உட்சுவர் சுரக்கும் மியூசின் என்ற வழவழப்பான புரதம் இக்காலத்தில் மிகுந்து நூலாகிறது. மூன்றாவது நிபந்தனையை நிறைவேற்றுபவர் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவரே.

வழக்கமாக உண்பவரின் பானையை நாள்தோறும் பலமுறை ஒருவர் வந்து குலுக்கிவிட்டுப் போகிறார். உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொட்டதும், அங்குள்ள செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது பித்தப்பையைச் சுருங்கச் செய்து, தேங்கிய பித்தநீரைக் குடலுக்குள் தள்ளுகிறது. 1928இல் ஐவியும் ஓல்ட்பெர்க்கும் கண்டறிந்து சூட்டிய இந்தப் பெயருக்குக் கிரேக்க வேர்களின்படி 'பித்தப்பையை அசைப்பது' என்றே பொருள். கற்கண்டுப் பானைக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி கிடையாது. உணவில் கொழுப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும்போது அந்த ஹார்மோனின் அழைப்பு மெலிந்து, பானையைக் குலுக்க வேண்டியவர் விடுப்பில் போய்விடுகிறார். உவமை ஓரிடத்தில் முறிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்: கற்கண்டுப் பாகு ஆறுவதால் மிகைச்செறிவு அடைகிறது, பித்தநீரோ உடல் வெப்பத்திலேயே இருந்துகொண்டு தாங்குபொருள் குறைவதால் அடைகிறது. தவிரவும், கற்கண்டு விளையாவிட்டால் பானைக்காரருக்கு நட்டம், விளைந்தால் பித்தப்பைக்காரருக்கு நட்டம்.

இது ஊகமன்று. 1989இல் லிடிலும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி உண்ட 51 பேரில் 13 பேருக்கு எட்டே வாரத்தில் புதிதாகப் பித்தக்கல் உருவாகியிருந்தது. எடை குறைக்காத ஒப்பீட்டுக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. அதைவிட நேர்த்தியானது 1998இல் இத்தாலியில் ஃபெஸ்டியின் குழு வெளியிட்டது. பருமனானவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 3 கிராம் கொழுப்புள்ள 535 கலோரி உணவும், மற்றதற்கு 12.2 கிராம் கொழுப்புள்ள 577 கலோரி உணவும் மூன்று மாதம் கொடுத்தபோது, முதல் பிரிவில் முடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கல் விளைந்தது. இரண்டாம் பிரிவில் ஒருவருக்கும் விளையவில்லை. குழுக்கள் சிறியவை என்பதால் விழுக்காட்டைக் கல்லில் பொறிக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரு உணவுகளுக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு தேக்கரண்டி எண்ணெய், அதாவது 9 கிராம் கொழுப்பு, மொத்தக் கணக்கில் வெறும் 42 கலோரி என்பது கவனத்துக்குரியது. எடை குறைப்பவர் முதலில் துறப்பது எதுவோ, அதுவே பானையைக் குலுக்கும் கை.

இப்படி உருவாகும் கற்களில் பல அரவமின்றிக் கிடந்து, இயல்பான உணவு தொடங்கியதும் சில கரைந்தும்விடுகின்றன. ஒரு கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்துக் கணையத்தை அழற்சிக்கு உள்ளாக்கும்போதுதான் நிலைமை உயிரோடு விளையாடுகிறது. தடுப்பு மருந்தும் உண்டு. 1995இல் வெளியான, 1,004 பேர் பங்கேற்ற ஆய்வில், 520 கலோரி உணவுடன் வெற்று மாத்திரை உண்டவர்களில் 28 விழுக்காட்டினருக்குப் பித்தக்கல் வந்தபோது, நாள்தோறும் 600 மில்லிகிராம் அர்சோடியாக்சிகோலிக் அமிலம் உண்டவர்களில் அது 3 விழுக்காடாகக் குறைந்தது. இந்த அமிலத்தின் பெயரில் உள்ள 'அர்ஸ்' கரடியைக் குறிக்கும் இலத்தீன் சொல். கரடியின் பித்தநீரில் மிகுதியாகக் காணப்பட்டதால் வந்த பெயர். குளிர்காலம் முழுவதும் உண்ணாமல் கிடக்கும் விலங்கின் பித்தத்திலேயே பட்டினிக் கல்லுக்கு மருந்து இருக்கிறது என்று கதை கட்டத் தோன்றும். இவ்வளவு அழகாகப் பொருந்தும் கதைகளைச் சற்று ஐயத்துடன் அணுகுவது அறிவியலுக்கு நல்லது.

வரலாற்றைப் பொறுத்தவரை, மறக்கக் கூடாத ஓர் அத்தியாயம் மட்டும் போதும். 1976இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் லின் எழுதிய நூல் ஒன்று திரவப் புரத உணவைப் புகழுக்குக் கொண்டுவந்தது. அந்தத் திரவத்தின் மூலப்பொருள் இறைச்சிக்கூடத்தில் மிஞ்சும் தோலும் தசைநாணும், அதாவது கொலாஜன் என்ற புரதம்; அதில் டிரிப்டோஃபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லவே இல்லை. ஓரிரு ஆண்டுக்குள் ஏறத்தாழ 60 மரணங்கள் அந்த உணவோடு தொடர்புபடுத்தப்பட்டன. அவர்களில் வேறு நோயில்லாத 17 பேரை ஆராய்ந்தபோது, மாதக்கணக்கில் அதை உட்கொண்டிருந்தவர்களின் இதய மின்பதிவில் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மீள எடுக்கும் நேரம் நீண்டிருந்ததும், அதன் முடிவில் துடிப்பு தாறுமாறாகிச் சாவு நேர்ந்ததும் தெரியவந்தன. பின்வந்த மாவுகளில் தரமான புரதமும் தாது உப்புகளும் சேர்க்கப்பட்டதற்குக் காரணம் இந்தச் சாவுகள்தாம். 1988இல் ஓப்ரா வின்ஃப்ரி, தாம் இழந்த 67 பவுண்டுக்கு ஈடான கொழுப்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் தொலைக்காட்சி மேடைக்கு இழுத்துவந்தது அந்தப் பாதுகாப்பான தலைமுறை மாவுகளின் வெற்றி விழா. எடை திரும்பி வந்ததற்கு அத்தகைய விழா எடுக்கப்படவில்லை.

மற்ற ஆபத்துகளுள் மருந்து உண்பவர்களைத் தாக்குபவை முதன்மையானவை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான அளவில் தொடர்ந்துகொண்டு உணவை மட்டும் பாதிக்கும் கீழே குறைத்தால், சர்க்கரை மயக்கமுறும் அளவுக்குச் சரியும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளில் ஆபத்து நேரெதிர் வேடமிட்டு வருகிறது: இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய இயல்பாகக் காட்டிக்கொண்டிருக்க, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் பெருகி நச்சாகும். அதே கீட்டோன்கள் யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதற்குத் தடையாக நிற்பதால், கவுட் என்ற மூட்டுவாதம் உள்ளவருக்குப் பெருவிரல் வீங்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்வதும் வழக்கம், பெரும்பாலும் மீண்டும் முளைத்துவிடும். நெடுநாள் கடும் பட்டினியை ஒரேயடியாக விருந்தால் முடித்துக்கொள்பவருக்கு, திடீரென எழும் இன்சுலின் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்வதால் இரத்தத்தில் அவை வறண்டு, இதயம் தடுமாறும். கருவுற்றவர்களும் உணவுக் கோளாறு என்ற மனநோயின் நிழல் படிந்தவர்களும் இந்த வழியை எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இத்தகைய உணவுமுறைகள் கடையில் வாங்கும் மாவாக வருவதைவிட, கைபேசியில் பகிரப்படும் பட்டியலாக வருவதே மிகுதி. முதல் நாள் பழம், இரண்டாம் நாள் காய்கறி, மூன்றாம் நாள் இரண்டும், நான்காம் நாள் வாழைப்பழமும் பாலும் என்று போகும் 'ஜிஎம் டயட்' அவற்றுள் மூத்தது; ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக அமெரிக்க அரசுத் துறையின் துணையோடு வகுத்தது என்ற அதன் பிறப்புச் சான்றிதழுக்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. கார் நிறுவனத்தின் பெயர் ஓர் உணவுப் பட்டியலுக்கு எவ்வகையில் மதிப்பைக் கூட்டுகிறது என்பதும் விளங்கவில்லை. ஏழு நாளில் பித்தக்கல் விளைந்துவிடாது. ஆனால் முதல் மூன்று நாள் கொழுப்பே அற்றதாகவும் புரதம் மிகக் குறைந்ததாகவும் இருக்கும் அந்தப் பட்டியலை, பலன் கண்ட மகிழ்ச்சியில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பின்பற்றுபவரின் பித்தப்பை, ஃபெஸ்டியின் முதல் பிரிவினருடைய நிலையை நோக்கி நகர்கிறது; அந்தப் பட்டியலைப் பார்க்க மருத்துவரும் இல்லை, அல்ட்ராசவுண்டு எடுத்துப் பார்ப்பவரும் இல்லை.

டைரக்ட் ஆய்வின் மாவில் மொத்தக் கலோரியில் 13 விழுக்காடு கொழுப்பிலிருந்து வந்தது. கணக்கிட்டால் அது நாளொன்றுக்கு 12 கிராம், இத்தாலியின் கல் விளையாத பிரிவினர் உண்ட அளவேதான். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் வகுத்த விதி இன்னும் ஒரு படி மேலே போய், முழு உணவுக்கும் மாற்றாக விற்கப்படும் எந்த மாவிலும் லினோலிக் அமிலம் என்ற எண்ணெய்க் கொழுப்பு மட்டுமே நாளொன்றுக்கு 11 கிராமுக்குக் குறையக் கூடாது என்றது; 2022இல் அந்த அளவு குறைக்கப்பட்டது. கொழுப்பைக் குறைக்க வாங்கும் பொட்டலத்தில் கொழுப்பு இருந்தே தீர வேண்டும் என்பது இப்போது அங்கே சட்டம்.