பனிக்கால ஓட்டத்துக்கு மலிவான உடை: ஜவுளிக் கடைக்காரர்கள் கவனத்திற்கு

கார்த்திகை பிறந்து சேர்வராயன் மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டால் நமது பாப்பிரெட்டிப்பட்டி ஜவுளிக் கடைகளுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் வருவார்கள். மப்ளர், கம்பளி, மங்கி குல்லா கேட்டு வரும் பெரியவர்கள் ஒரு வகை. இவர்களுக்கு என்ன எடுத்துப் போட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். மற்றொரு வகையினர் 18, 20 வயதுப் பிள்ளைகள். "அண்ணா, விடியக்காலம் ஓடுறதுக்குக் குளுரு தாங்குற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா? வெல கம்மியா இருக்கணும்" என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நம்மில் பலர் தவறான சரக்கைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அதில் நானும் ஒருவனாக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இவர்கள் பொழுதுபோக்குக்கு ஓடுகிறவர்கள் அல்ல. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். ராணுவத்துக்கு ஆள் எடுப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்திற்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். 2022இல் அக்னிவீர் முறை வந்த பிறகும் ஓட்டம் மாறவில்லை. பள்ளிப்பட்டி, பொம்மிடி, அரூர் என்று நமது சுற்றுவட்டாரம் முழுவதும் விடியற்காலை 5 மணிக்கு இந்தப் பிள்ளைகள் சாலையில் இருப்பார்கள். பெரும்பாலோர் கூலி வேலை, மரவள்ளிக் காடு, மஞ்சள் காடு என்றுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் கேட்டு வாங்கி வரும் பணம் ஒரு முறைதான் வரும். அதை வீணாக்கினால் அந்தப் பிள்ளை அடுத்த பனிக்காலம் வரை நம் கடைப் படி ஏறாது. சேலத்துக்குப் பஸ் ஏறும், அல்லது செல்போனில் ஆர்டர் போடும்.

குளிர் எவ்வளவு என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் அதன் அடிவாரத்தில் இருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் நமக்கு இருப்பது உடம்பை நடுங்க வைக்கும் குளிர்தான். ஆனால் தண்ணீர் உறையும் குளிர் அல்ல. இதற்கு காஷ்மீருக்கான உடை தேவையே இல்லை. மேலும், ஓடுகிறவன் உடம்பே ஓர் அடுப்பு. தசை செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. முதல் பத்து நிமிடம் குளிரும். அதன் பிறகு வியர்க்கும். ஆகவே இந்தப் பிள்ளைக்கு வேண்டியது கனமான துணி அல்ல. வியர்வையை உடம்பிலிருந்து வெளியே எடுத்துவிடும் துணி.

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். "குளிருக்கா? இந்தா தம்பி, நல்ல கனம், சுத்தக் காட்டன்" என்று தொப்பி வைத்த பனியன் துணி ஜாக்கெட்டை எடுத்துப் போடுகிறோம். பருத்தி நல்ல துணிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஈரத்தைக் குடித்துத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். சாதாரண நிலையிலேயே தன் எடையில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரத்தைப் பருத்தி பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் பிடிப்பது அரை சதவீதம்கூட இல்லை. நைலான் சுமார் 4 சதவீதம். ஓடும்போது பருத்தி ஜாக்கெட் நனைந்து கனக்கும். ஓட்டம் முடிந்து நின்றவுடன் அந்த ஈரத்துணி பனிக்காற்றில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவது. உடம்பு விறைத்துப் போகும். "ஜாக்கெட் போட்டும் குளிருதுண்ணா" என்று பிள்ளை திரும்பி வந்து சொல்லும்போது நாம் இன்னும் கனமான ஒன்றை எடுத்துக் காட்டுகிறோம்!

நமது மூத்த வணிகர்களுக்கு டெர்லின் சட்டை விற்ற காலம் நினைவிருக்கும். 1941இல் மான்செஸ்டர் நகரத்து காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் என்ற நிறுவனத்தில் வின்பீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த பாலியஸ்டர்தான் டெர்லினாக வந்தது. அன்று கசங்காத கௌரவ உடை. பிறகு "காத்தே போகாது, புழுங்குது" என்று பெயர் கெட்டுப் போனது. அதே இழையைத்தான் இன்று மெல்லிய கண்ணிகளாகப் பின்னி ஓட்டக்காரர் பனியனாக விற்கிறார்கள். இழை ஈரத்தைக் குடிக்காது. பின்னலின் இடுக்கு வழியாக வியர்வை வெளிப்புறத்துக்கு ஏறி அங்கே பரவிக் காய்ந்துவிடும். பின்னலும் மேல்பூச்சும்தான் இங்கே விஷயம். எல்லாப் பாலியஸ்டரும் இப்படிச் செய்யாது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்த வியாபாரி "டிரை பிட்" என்று சொல்லி 5 டஜன் முழுக்கை பனியன் தள்ளிவிட்டார். தொட்டால் வழவழப்பு, விலையும் சகாயம். பொங்கலுக்குள் பாதி திரும்பி வந்துவிட்டது. ஒரு பையன் ஈரம் சொட்டும் பனியனைக் கல்லா மேல் வைத்து, "இத நீங்களே போட்டு ஓடிப் பாருங்கண்ணா" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் சரக்கு எடுக்கும் இடத்திலேயே சோதித்து வாங்கும் வழக்கம் வந்தது.

சோதனை பெரிய வித்தையல்ல. துணியின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப்போல் உருண்டு நின்றால் அது வியர்வையை எடுக்காது, வேண்டாம். சில விநாடிகளில் அகலமாகப் பரவினால் நல்லது. பருத்தியிலும் பரவுமே என்று கேட்கலாம். அதற்கு இரண்டாவது சோதனை: ஓரத்தில் இரண்டு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவது. பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகும். கம்பளி என்றால் தலைமயிர் கருகும் நாற்றம் வரும். ஸ்வெட்டர் விற்கும் அக்ரிலிக் வேகமாகப் பற்றி எரிந்து உருகி, கோணல்மாணலான கறுப்புக் கட்டியாகும். இரண்டும் கலந்த துணியில் இரண்டு குணமும் தெரியும். மூன்றாவது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இழுத்து விட்டுப் பார்ப்பது. பழைய நிலைக்கு வராத பின்னல் நாலு சலவையில் தொங்கிவிடும்.

விற்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வகைத் துணியைத் துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கியைச் சேர்க்கக்கூடாது. அது இழைமேல் படலமாகப் படிந்து வியர்வை ஏறும் வழியை அடைத்துவிடும். "ரெண்டு மாசத்துல பனியன் கெட்டுப்போச்சு" என்று வரும் புகாரில் பாதி இதனால்தான் என்பது என் கணிப்பு.

சரி, ஒரு பிள்ளைக்கு என்னென்ன வேண்டும்? என் கணக்கில் உடம்போடு ஒட்டிய மெல்லிய முழுக்கை பாலியஸ்டர் பனியன் ஒன்று, டிராக் பேன்ட் ஒன்று. இவ்வளவுதான் கட்டாயம். மிகவும் குளிர்கிறது என்பவருக்கு மேலே ஒரு கையில்லாத மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை. கைக்கு 800 ரூபாய் ஜாக்கெட் தேவையில்லை. வெயிலுக்காக ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் மாட்டிக்கொள்ளும் கை உறை நம் எல்லோர் கடையிலும் தொங்குகிறதல்லவா? அதை அரைக்கைப் பனியனோடு மாட்டிக்கொண்டால் முழுக்கைச் சட்டைதான். உடம்பு சூடானதும் உருவிப் பையில் போட்டுக்கொள்ளலாம். இதைச் சொல்லிக் கொடுத்த ஒரு பையன் அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டி வந்தான். மங்கி குல்லா ஓட்டத்துக்கு ஆகாது. காதை மட்டும் மூடும் பட்டை போதும், இல்லையென்றால் ஒரு கைக்குட்டை. பணமே இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. பிரான்சு நாட்டு சைக்கிள் பந்தயத்தில் மலை உச்சியிலிருந்து இறங்கும் வீரர்கள் பனியனுக்குள் நெஞ்சோடு செய்தித்தாளைச் செருகிக்கொள்வது பழைய வழக்கம். காற்றுத் தடுக்கும். நம் பையன்களும் செய்து பார்க்கலாம்; நமக்கு அதில் வியாபாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஓட்டம் முடிந்தவுடன் போட்டுக்கொள்ள உலர்ந்த மேலுடை ஒன்று அவசியம். இங்கேதான் நமது பருத்தி ஜாக்கெட்டுக்கும் லூதியானா ஸ்வெட்டருக்கும் சரியான இடம். வீட்டில் இருக்கும் பழைய ஸ்வெட்டரே போதும் என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

பெண் பிள்ளைகளும் இப்போது நிறையப் பேர் காவலர் தேர்வுக்கு ஓடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டிய ஸ்போர்ட்ஸ் பிரா நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும் ஆண்கள் நிற்கும் கல்லாவில் கேட்கத் தயங்கி, கேட்காமலே போய்விடுகிறார்கள். ஒரு பெண் ஊழியரும், அளவு காட்ட ஒரு மறைவான இடமும் இருந்தால் போதும். என் வீட்டம்மா மாலை நேரத்தில் கடையில் உட்கார ஆரம்பித்த பிறகு இந்த வியாபாரம் தானாக வந்தது.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒன்று, எடை குறையும் என்று சொல்லி விற்கப்படும் பிளாஸ்டிக் வியர்வை உடை. "சானா சூட்" என்கிறார்கள். வியர்வை ஆவியாக வழியில்லாததால் உடம்பின் வெப்பம் உள்ளேயே தேங்கும். 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடையைக் குறைக்க இத்தகைய உடையோடு பயிற்சி செய்து அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகு அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு மல்யுத்தப் பயிற்சியில் அதைத் தடை செய்தது. குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று நம் பிள்ளைகள் அதைக் கேட்கிறார்கள். லாபம் எவ்வளவு வந்தாலும் அதை என் கடையில் வைப்பதில்லை.

மற்றது நிறம். போன மார்கழியில் பொம்மிடியில் ரயிலைப் பிடிக்க விடியற்காலை வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். பனி மூட்டத்தில் பத்தடி தூரத்தில் ஒரு பையன் முளைத்தான். தலை முதல் கால் வரை கறுப்பு. பிரேக் பிடித்ததில் வண்டி சறுக்கிற்று, இருவருக்கும் அடியில்லை. பெயர் கேட்டேன், நடுங்கிக்கொண்டே சொன்னான். அந்தக் கறுப்பு டிராக் சூட் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அழுக்குத் தெரியாது என்று கறுப்பும் கருநீலமும்தான் நாம் அதிகம் எடுக்கிறோம். இளமஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை எடுங்கள். முதுகிலும் கணுக்காலிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் பட்டையை மட்டும் சுருளாக வாங்கி, தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து விற்கலாம். ஒரு உருப்படிக்கு ஆகும் செலவு சொற்பம். வண்டி வரும் திசையைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரத்தில் ஓடு தம்பி என்று சொல்லி அனுப்புவதற்குச் செலவே இல்லை.

கொள்முதல் பற்றிச் சில வார்த்தைகள். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சச் சரக்கும் செகண்ட்ஸும் கிடைக்கும். ஆனால் திருப்பூர் அடிப்படையில் பருத்தி ஊர். அங்கே கிடைக்கும் கனமான குளிர்கால மிச்சம் பெரும்பாலும் பருத்தி அல்லது பருத்திக் கலவை என்பதை மனதில் வைத்து, தண்ணீர்ச் சொட்டு சோதனை செய்யாமல் மூட்டை கட்ட வேண்டாம். வெளிநாட்டு அளவுச் சீட்டை நம்பாதீர்கள். அவர்களுடைய மீடியம் நம் பையனுக்கு லார்ஜ். அக்குள் தையலையும் கழுத்துப் பட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள்.

பெரிய கம்பெனி முத்திரை போட்ட போலிச் சரக்கு வேண்டவே வேண்டாம். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி போலி முத்திரைச் சரக்கை விற்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "டிரை-ஃபிட்" என்பதே ஒரு கம்பெனியின் பதிவு பெற்ற பெயர்தான். பில்லில் "பாலியஸ்டர் விளையாட்டு பனியன்" என்று எழுதினால் எந்த வம்பும் இல்லை.

வரியிலும் நமக்குச் சாதகமான மாற்றம் வந்துள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த உடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். முன்பு 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12 சதவீதம் கட்டினோம். நாம் பேசும் சரக்கெல்லாம் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

பனியன் ஒன்று 150 ரூபாய் அடக்கம், 220க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 40 உருப்படி எடுத்து 30 விற்றால் 6,600 ரூபாய். போட்ட 6,000 கைக்கு வந்துவிடும், லாபம் 600. மீதிப் பத்துதான் உண்மையான லாபம். அதுவும் முடங்காது, ஏனென்றால் மெல்லிய பனியனைக் கோடையிலும் போட்டு ஓடலாம். ஸ்வெட்டர் அப்படியல்ல. தை கழிந்தால் அடுத்த ஐப்பசி வரை அலமாரியில் தூங்கும், எலிக்கும் ஆகும். ஆகவே முதல் கொள்முதலை ஐப்பசிக் கடைசியில் சிறிய அளவில் எடுத்து, ஓடும் அளவும் நிறமும் பார்த்து, கார்த்திகை நடுவில் இரண்டாவது தடவை எடுப்பது நல்லது. ஒல்லியான பையன்கள்தான் அதிகம் வருவதால் ஸ்மால், மீடியம் இரண்டையும் கூடுதலாக எடுங்கள். எக்ஸ்எல் நாலு போதும்.