பதினெட்டாவது ஊர்

"பெரியப்பா, நீங்க துருக்கி. எங்க அப்பா ரஷ்யா. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாடு. சண்டை போடாம ஆடணும், சரியா?"

தம்பி மகள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கூடத்தில் ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. என் மனைவி தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு மெல்ல அடுக்களைப் பக்கம் நகர்ந்துவிட்டாள். காரணம், நானும் என் தம்பியும் நான்கு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. இந்த வருடப் பொங்கலுக்குத்தான் அவன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுப் படி ஏறியிருந்தான்.

மருத்துவப் பத்திரிகையில் வைத்தியர் என்னவோ விளையாட்டைப் பற்றி ஆரம்பிக்கிறாரே என்று நினைக்காதீர்கள். அன்று மதியம் தொடங்கிய அந்த ஆட்டம், முப்பது வருட வைத்தியத்தில் நான் நோயாளிகளுக்குச் சொல்லிவந்த ஒன்றை எனக்கே திருப்பிச் சொல்லிக் கொடுத்தது.

தாயக்கட்டை இல்லாத போர்

ஆட்டத்தின் பெயர் 'டிப்ளமஸி'. என் மகன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்திருந்தான். ஆலன் கேல்ஹமர் என்ற அமெரிக்கர் 1954-ல் உருவாக்கியது. ஹார்வர்டில் படித்தவர். முதல் உலகப் போர் எப்படி மூண்டது என்று படித்துப் படித்து, அதையே ஓர் ஆட்டமாக்கினார். விற்க ஆள் கிடைக்காமல் 1959-ல் சொந்தச் செலவில் 500 பெட்டிகள் தயாரித்தார். பிற்காலத்தில் சொந்த ஊரில் தபால்காரராக வேலை பார்த்தார். 2013-ல் காலமானார்.

பலகையில் 1901-ம் வருடத்து ஐரோப்பா. ஏழு பேர், ஏழு நாடுகள். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ரஷ்யா, துருக்கி. படைக்குச் சோறு போடும் ஊர்கள் மொத்தம் 34. அதில் 18-ஐ யார் பிடிக்கிறாரோ அவருக்கே வெற்றி.

தாயக்கட்டை கிடையாது. சீட்டுக் கிடையாது. அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. கால் மணி நேரம் யாரோடு வேண்டுமானாலும் தனியாகப் போய்ப் பேசலாம். பிறகு அவரவர் உத்தரவை ரகசியமாகத் தாளில் எழுத வேண்டும். எல்லாத் தாளையும் ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். நேற்று வரை "நான் இருக்கேன்" என்று சொன்னவர் என்ன செய்தார் என்பது அப்போதுதான் தெரியும்!

இதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லாப் படைக்கும் ஒரே பலம்தான். ஒன்றுக்கு ஒன்று மோதினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கத்துப் படை கைகொடுத்தால்தான் அடுத்த ஊருக்குள் போக முடியும். ஆக, தனி ஆளாக யாரும் வளர முடியாது. ஆனால் தனி ஆளாகத்தான் ஜெயிக்க முடியும்!

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் விடுதியில் 'இருபத்தெட்டு' ஆடுவோம். அதில் எதிரே உட்கார்ந்திருப்பவன்தான் கடைசி வரை கூட்டாளி. ஜெயித்தாலும் தோற்றாலும் சேர்ந்துதான். இங்கே அப்படி இல்லை. கூட்டாளி என்பது வெறும் வாய்வார்த்தை. அது எப்போது முடியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆட்டம் சூடு பிடித்தது

மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். நான் துருக்கி, தம்பி ரஷ்யா. கருங்கடலை இரண்டு பேருமே தொடுவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம். நான்கு வருடத்துக்குப் பிறகு நாங்கள் முகம் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கூட்டு நன்றாக வேலை செய்தது. ஆஸ்திரியாவாக இருந்த என் மாப்பிள்ளை முதலில் காலி. அடுத்து இத்தாலி, என் மகள். பிறகு தம்பி மகனின் ஜெர்மனி. இரவு எட்டரைக்குப் பலகையில் நான்கே பேர். எனக்கு 14 ஊர். தம்பிக்கு 11. இங்கிலாந்தை ஆடிய தம்பி மகளுக்கு 6. பிரான்ஸை ஆடிய என் மகனுக்கு 3.

இந்த இடத்தில்தான் ஆட்டத்தின் கடைசிக் கட்டம் வருகிறது. விதிப்படி, உயிரோடு இருக்கும் எல்லோரும் சம்மதித்தால் 'டிரா' என்று முடித்துக்கொள்ளலாம். 14 ஊர்க்காரனுக்கும் 3 ஊர்க்காரனுக்கும் சம பங்கு. இல்லாவிட்டால் ஒருவன் கூட்டாளியின் முதுகில் குத்தி 18-ஐத் தொட வேண்டும்.

எனக்கு இன்னும் நான்கு ஊர் போதும். செவாஸ்டபோல், ருமேனியா, புடாபெஸ்ட், வார்சா. நான்குமே தம்பியுடையவை. என்னை நம்பி அவன் படைகளை எல்லாம் ஜெர்மனிப் பக்கம் அனுப்பியிருந்தான். அந்தப் பக்கம் காவலே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பி மகள் என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டாள். முகம் சிவந்திருந்தது. "பெரியப்பா, நான் உங்களுக்கு உதவி பண்றேன். நீங்களே ஜெயிச்சுக்கோங்க. உங்க பையன் கால்வாய்ப் பக்கம் வரமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு கப்பலோட வந்துட்டான். எனக்குக் கிடைக்காட்டியும் பரவாயில்ல. அவனுக்கு டிராவுல பங்கு கிடைக்கக் கூடாது!"

கவனித்தீர்களா? அவள் ஜெயிப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. இன்னொருவன் ஜெயிக்கக் கூடாது என்பது மட்டும்தான். தனக்கு வெற்றி இல்லை என்றாலும், யாருக்கு வெற்றி என்பதைக் கடைசியில் சின்ன நாடுதான் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் மனதில் கோபம் இருந்தால் கணக்கு எதுவும் நிற்காது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நடுவிரலில் துள்ளியது

கூடத்துக்குத் திரும்பினேன். தம்பி மெதுவாகக் கேட்டான். "அண்ணே, டிரா போட்டுக்கிடுவோமா?"

"பார்த்துக்கலாம்டா" என்றேன்.

அவன் முகம் சட்டென்று மாறியது. அந்த மாற்றத்தை நான் முன்னாலும் பார்த்திருக்கிறேன்.

அப்பா காலமான பிறகு வீட்டைப் பங்கு வைக்கும்போது, "கிணத்தடிப் பக்கம் எனக்கு வேணும் அண்ணே" என்று கேட்டான். அன்றும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். "பார்த்துக்கலாம்டா." மனதுக்குள் அந்தப் பக்கத்தை எனக்கென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். பத்திரம் பதியும் அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அதோடு சரி.

பழக்க தோஷத்தில் என் விரல்கள் என் மணிக்கட்டுக்கே போயின. நாடி பார்க்கும்போது ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று பார்ப்போம். எனக்கு நடுவிரலில் துள்ளிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் யோசித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் எதுவும் சாப்பிடவில்லை. என் மனைவி கொண்டுவந்து வைத்த காபி ஆடை படிந்து கிடந்தது. நான் சிறுநீர் கழிக்க எழுந்தே நாலு மணி நேரம் ஆகியிருந்தது!

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாகக் கேட்கிற பதினான்கு விஷயங்கள். பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், கொட்டாவி, தும்மல், கண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். இவற்றை அடக்கி வைத்தால் நோய் வரும் என்பது அடிப்படை. தினமும் நோயாளிகளுக்கு இதைச் சொல்கிறேன். அன்று ஒரே ஆட்டத்தில் நான்கைந்தை அடக்கிக்கொண்டு, தம்பியைக் குத்தலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பசியும் தூக்கமும் கெட்டால் பித்தம் ஏறும் என்று எங்கள் மருத்துவம் சொல்கிறது. ஆங்கில மருத்துவம் தன் மொழியில் அதையே சொல்கிறது. கோபத்திலும் பதற்றத்திலும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் கூடுகிறது. தூக்கம் குறைந்தால் நிதானமும் குறைகிறது. ஆட்டத்தின் மிகப் பெரிய முடிவை உடம்பு மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் எடுக்கிறோம். சொத்துப் பிரிப்பதும் அப்படித்தான், கல்யாணப் பேச்சில் முறுக்கிக்கொள்வதும் அப்படித்தான். பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல், வெறும் வயிற்றில்!

"ஆட்டம் போதும். பலகையை அப்படியே கட்டிலுக்கு அடியில் வைங்க. சாப்பிட்டுத் தூங்கிட்டு, காலையில பார்ப்போம்" என்றேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். என் மனைவி மட்டும், "இப்பவாவது ஞாபகம் வந்ததே" என்று இட்லியை எடுத்து வைத்தாள்.

இட்லித் தட்டின் முன்னால்

சாப்பிடும்போது தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டேய், பார்த்துக்கலாம்னு சொன்னது பொய். எனக்குப் பதினெட்டு மேல ஆசை இருக்கு. காலையில உன் ஊரைத்தான் அடிக்கப் போறேன். இப்பவே சொல்லிட்டேன். நீ காவல் போட்டுக்கோ."

அவன் இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றது. பிறகு சிரித்தான். "சரி அண்ணே, வாங்க" என்றான்.

மறுநாள் காணும் பொங்கல். எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தோம். சொன்னபடியே அடித்தேன். ருமேனியா, புடாபெஸ்ட் இரண்டையும் பிடித்தேன். 16. அதற்கு மேல் நகரவில்லை! தம்பி ஜெர்மனிப் பக்கத்துப் படைகளைத் திருப்பியிருந்தான். அதைவிட ஆச்சரியம், முந்தின ராத்திரி எனக்கு உதவி செய்வதாகச் சொன்ன அவன் மகள் அப்பா பக்கம் போய்விட்டாள். என் மகனோடும் பேசிச் சமாதானமாகிவிட்டாள்.

"என்னம்மா, அவன் மேல கோபம் போயிடுச்சா?" என்றேன்.

"தூங்கி எழுந்ததும் அது பெரிய விஷயமாத் தெரியல பெரியப்பா!"

மூன்று பேரும் சேர்ந்து சுவர் எழுப்பிவிட்டார்கள். 18-க்கு இரண்டு குறைவு. பதினொரு மணிக்கு நானே, "டிரா" என்றேன். நான்கு பேருக்கும் சம பங்கு.

2022-ல் மெட்டா நிறுவனம் 'சிசரோ' என்ற கணினி மூளையை இந்த ஆட்டத்தில் இறக்கிய செய்தியைப் பிறகு என் மகன் சொன்னான். எதிரே இருந்த மனிதர்களோடு அது எழுத்தில் பேசிக் கூட்டுச் சேர்ந்து 40 ஆட்டம் ஆடியதாம். ஒன்றுக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்ததாம். இருக்காதா பின்னே? அதற்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, கிணற்றடி இல்லை. நமக்கு இதெல்லாம் இருக்கிறதே! அதனால்தான் நமக்குச் சில ஒழுங்குகள் வேண்டியிருக்கிறது.

வீட்டில் நெடுநேர ஆட்டம் ஆடுபவர்களுக்கு

டிப்ளமஸியோ, சீட்டோ, செல்போனில் கூட்டம் கூட்டமாக ஆடும் போர் விளையாட்டோ, எதுவானாலும் இவற்றைக் கடைப்பிடியுங்கள்.

* எத்தனை மணிக்கு நிறுத்துவது, டிரா உண்டா இல்லையா என்பதைப் பெட்டியைத் திறக்கும் முன்பே பேசி வையுங்கள். முடிவில் வரும் மனஸ்தாபம் பாதி அதிலேயே போய்விடும்.

* மணிக்கு ஒரு முறை எல்லோரும் எழுந்து நடக்க வேண்டும். தண்ணீர், சீரகத் தண்ணீர், நீர்மோர் குடிக்கலாம். சிறுநீரை அடக்கக் கூடாது.

* சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சாப்பாட்டு நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் ஆட்டத்துக்காகத் தள்ளிப் போடவே கூடாது.

* இரவில் காபியைக் குடித்துக் குடித்து ஆட்டத்தை இழுக்க வேண்டாம். தூக்கம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

* "அவன் ஜெயிக்கக் கூடாது" என்ற எண்ணம் மட்டும் மனதில் இருந்தால், அந்தச் சுற்றில் உத்தரவு எழுதாதீர்கள். ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள்.

* ஆட்டத்தில் ஏமாற்றியவரை ஆட்டத்தோடு விட்டுவிடுங்கள். ஒன்றாகச் சாப்பிட்டு விட்டுக் கலைந்து போங்கள்.

அன்று மாலை தம்பி குடும்பம் கிளம்பியது. பைகளை எல்லாம் காரில் ஏற்றிவிட்டு, அவன் மட்டும் திரும்பி வந்தான். கிணற்றடிப் பக்கம் ஒரு நிமிடம் நின்று பார்த்தான். பிறகு என்னிடம் சொன்னான்.

"அன்னிக்கும் இப்படி முன்னாலேயே சொல்லியிருக்கலாம்ல அண்ணே. நான் ஒண்ணும் சண்டை போட்டிருக்க மாட்டேன்."

என்னிடம் பதில் இல்லை. "அடுத்த பொங்கலுக்கு வந்துடு. நீ துருக்கி ஆடு" என்று மட்டும் சொன்னேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனான்.