செத்து மிதக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஏரி மீன் வாங்குகிறவர்கள் குறைவு. சிவந்திருந்தால் புதுசு, வெளுத்திருந்தால் பழசு. அந்தச் சிவப்பு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் நிறம். காரீயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் கலந்த நீரில் வாழும் மீனுக்கு, உயிரோடு நீந்தும்போதே அது குறையத் தொடங்கிவிடும்.

ஆக்ஸிஜனை உள்ளே விடும் செவுளின் மெல்லிய தோல் உலோகத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது. ஹீமோகுளோபின் உருவாவதற்கு ஆரம்பத்திலேயே தேவைப்படும் ஒரு நொதியில் துத்தநாகம் உண்டு. காரீயம் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், நொதி முடங்கிப்போகும். மீனின் வயிற்றைக் கீறிக் கழுவும்போது முதுகெலும்பை ஒட்டிக் கறுஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியுமே, அதுதான் சிறுநீரகம். மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதில்லை. இந்தச் சிறுநீரகத்தின் முன்பகுதியில்தான் ஊறுகிறது. காட்மியமும் பாதரசமும் தேடிப்போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.

குரோமியத்தின் கதை நமக்கு அருகிலேயே இருக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமியம் உப்புகள் தயாரித்த ஆலை ஒன்று 1995-ல் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் மஞ்சளாகக் கசிந்து நிலத்தடிக்குப் போகும் ரகம். குரோமியம் பயன்படுத்தும் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட முப்பது வருடம்!

மஞ்சள் கழிவில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம், சல்ஃபேட்டைப் போலத் தோற்றம் காட்டி உயிரணுவுக்குள் நுழைந்து மரபுப்பொருளைச் சிதைக்கும். மீனின் சிவப்பணுவில் இதை மைக்ராஸ்கோப்பில் நேராகவே பார்க்கலாம். நம் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, மீனுக்கு உண்டு. வாலடியில் ஊசி போட்டு எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சாயமேற்றினால், நீள்வட்ட அணுவின் நடுவே ஊதா உட்கரு தெரியும். சேதமான அணுவில் அதன் பக்கத்திலேயே உடைந்து விழுந்த துணுக்கு ஒரு சிறு புள்ளியாக நிற்கும். அப்படிப்பட்ட அணுக்கள் எத்தனை என்று எண்ணினால் போதும். மைக்ராஸ்கோப் உள்ள எந்தக் கல்லூரி விலங்கியல் துறையும் செய்யக்கூடிய வேலை இது.

ஒரு எச்சரிக்கை: பட்டினி, நோய், வலையில் துடித்த பதற்றம் எல்லாமே ரத்த எண்ணிக்கையை மாற்றும். அதனால் சுத்தமான ஏரியில் பிடித்த அதே இன, அதே அளவு மீனோடு ஒப்பிடாமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஒரு பாட்டிலில் பிடித்த தண்ணீர் அன்றைய நிலவரத்தை மட்டுமே சொல்லும். நல்ல மழைக்கு மறுநாள் பிடித்தால் அதுவும் அழகாக இருக்கும். மீனின் ரத்தமோ பல வாரங்களின் கணக்கை வைத்திருக்கிறது. ஆலைகளை ஒட்டிய ஏரிகளிலாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதையும் வழக்கமான சோதனையாக்க வேண்டும். அதுவரை, கழிவு கலக்கும் ஏரி மீன் என்று தெரிந்தால் வாங்காதீர்கள். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் உலோகம் போகாது.