நர்ஸம்மாவின் நோட்டுப் புத்தகம்

அரியலூரில் மதுரை ரயில் ஏறினால், திருச்சிராப்பள்ளியைக் கடந்து திண்டுக்கல்லை அடையலாம். அதற்கு அப்பால் சிறுமலைத் தொடர் வண்டியோடு கூடவே வருவது போல் தோன்றும். அங்கே அம்பாத்துரை என்று ஒரு சிறு ஸ்டேஷன். வேக வண்டிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் 1946-ஆம் ஆண்டில் காந்தியடிகள் மதுரைக்கும் பழனிக்கும் யாத்திரை வந்தபோது, சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அந்த ஸ்டேஷனில் திரண்டு நின்று அவரைத் தரிசித்தார்கள். மறு ஆண்டு, அம்பாத்துரைக்கும் நெசவுக்குப் பேர்போன சின்னாளபட்டிக்கும் இடையே காந்திகிராமம் எழுந்தது.

அரியலூர் நேயர்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்ததற்குக் காரணம் உண்டு. 2022 ஜனவரி 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அரியலூரில், மற்றொன்று திண்டுக்கல்லில். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் முந்திரித் தோப்புமாகக் கிடந்த சீமைக்கு மருத்துவக் கல்லூரி வந்தது மெத்தச் சந்தோஷமே. ஆனால் வைத்தியமும் கல்வியும் ஆராய்ச்சியும் கைகோத்துக் கொண்டு ஒரு குடிசையின் வாசலில் போய் நிற்பது எப்படி என்பதைக் கட்டிடங்கள் கற்றுத் தரமாட்டா. தமிழ்நாட்டில் அந்த வித்தையை முன்னதாகவே பயின்ற இடம் காந்திகிராமம். பயின்றவர்களின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

டி. வி. சுந்தரம் ஐயங்காரின் பெயர் தெரியாதவர் தென்னாட்டில் இல்லை. மோட்டார்த் தொழிலில் கொடி கட்டிப் பறந்த அந்த மனிதரின் புதல்வி சௌந்தரம், 1904-இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே ஒரு டாக்டருக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். அந்தக் கணவர் இளமையிலேயே காலமானார். அந்நாளில், அதிலும் வைதிகக் குடும்பத்தில், கணவனை இழந்த இளம் பெண்ணுக்கு உலகம் ஒதுக்கி வைத்திருந்த இடம் வீட்டின் பின்கட்டு. சௌந்தரமோ டில்லிக்குச் சென்று லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-இல் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தபோது அவருக்கு வயது 32. அங்கே உடன் பயின்ற தோழி சுசீலா நய்யார் மூலமாகக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது.

ஜி. ராமச்சந்திரனும் 1904-இல் பிறந்தவரே. திருவிதாங்கூரில் நெய்யாற்றின்கரை அவருடைய ஊர், சாந்திநிகேதனத்தில் பயின்றவர், ஹரிஜன சேவையில் ஈடுபட்டவர். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினார்கள். மொழி வேறு, சாதி வேறு, மணமகளோ கைம்பெண். குடும்பத்தின் சம்மதம் எளிதில் கிடைக்குமா? காந்தியடிகள் ஒரு நிபந்தனை விதித்தார்: ஓராண்டுக் காலம் இருவரும் சந்திக்காமல், கடிதப் போக்குவரத்தும் இல்லாமல் பிரிந்திருக்க வேண்டும், அதன் பின்னரும் மனம் மாறவில்லையானால் மணம் செய்து கொள்ளலாம். மனம் மாறவில்லை. 1940-இல் நடந்த திருமணத்தில் மணமகள் உடுத்திய புடவை காந்தியடிகள் நூற்ற நூலில் நெய்தது. ஆராய்ச்சி முறை பற்றி நாம் பேசப் போகும் இவ்விடத்தில், இவ்வளவு கடுமையான பரீட்சைக்குத் தங்களையே உட்படுத்திக் கொண்ட தம்பதிகள் இவர்கள் என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கஸ்தூரிபாய் நினைவு நிதியின் தமிழ்நாட்டுப் பொறுப்பைக் காந்தியடிகள் சௌந்தரத்திடம் ஒப்படைத்தார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளித்துக் கிராமத்துக்கே ஊழியர்களாக அனுப்புவது அதன் வேலை. சின்னாளபட்டியிலே இரண்டே படுக்கைகளோடு ஒரு சிறு வைத்தியசாலை தொடங்கியது. பின்னாளில் கஸ்தூரிபாய் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது அதுதான். 1947 அக்டோபர் 7-ஆம் தேதி, சின்னாளபட்டி அன்பர்கள் உதவிய நிலத்தில், காந்திகிராமம் முறைப்படி பிறந்தது.

வைத்தியத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் வந்தது. 1937-இல் வார்தா மகாநாட்டில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வியைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தக்ளியும் ராட்டையுந்தான். ஆனால் அந்தத் திட்டத்தில் உடம்பைப் பேணுவதும், கிணற்றையும் தெருவையும் சுத்தமாக வைத்திருப்பதும் பாடத்தின் அங்கங்களாகவே இருந்தன. ஜாகீர் ஹுசேன் தலைமையில் அமைந்த பாடத்திட்டக் குழுவில் காரியங்களை ஒழுங்கு செய்தவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். இதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். மருத்துவமனையில் குணமாகிப் போன குழந்தை அதே குட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் படுக்கைக்கு வந்தால், அதைத் தடுப்பது டாக்டரின் வேலையா, உபாத்தியாயரின் வேலையா? காந்திகிராமத்தில் இருவரும் ஒரே வளாகத்தில் வசித்தபடியால், பழியை ஒருவர் மீது ஒருவர் போட்டுத் தப்பித்துக்கொள்ள வசதி இருக்கவில்லை.

1956-இல் கிராமிய உயர்கல்வி நிலையம் தோன்றியது. 1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஒன்று ஆரம்பமாயிற்று. சேலம் பக்கத்து ஆத்தூர் அன்று. திண்டுக்கல்லுக்கு அருகே உள்ள ஆத்தூர். ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்கள் வாழ்ந்த வட்டாரம் அது. அந்த அநுபவத்தின் மேல் 1964-இல் கிராமியச் சுகாதார, குடும்ப நல ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமாக ஒரு நிலையம் அமைந்தது. மத்திய அரசும் மாநில அரசும் அமெரிக்காவின் போர்டு பவுண்டேஷனும் பொருளுதவி செய்தன. கதர் கட்டியவர்கள் மோட்டார்க் கோடீசுவரரின் அறநிதியை வாங்கலாமா என்று அந்நாளில் புருவத்தை நெரித்தவர்களும் இருந்திருப்பார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், கேள்வியைக் கேட்டவர் யார் என்பதே முக்கியம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் யார்? புத்தகங்களின் முகப்பில் டாக்டர்களின் பெயரும் புள்ளிவிவர நிபுணர்களின் பெயரும் இருக்கும். அது நியாயமே. ஆனால் அந்தப் புள்ளிகள் பிறந்த இடம் வேறு. துணைச் செவிலியர் என்று சர்க்கார் காகிதத்திலும், நர்ஸம்மா என்று ஊரார் வாயிலும் வழங்கும் பெண்மணி, பையும் கையுமாகக் கொடி வழியில் நடந்து போகிறாள். ஒவ்வொரு வீட்டுக்கும் கதவில் ஓர் எண். அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு ஒரு பக்கம். இன்னார் மனைவி இன்னார், வயது இவ்வளவு, பெற்றது இத்தனை, இருப்பது இத்தனை. "பெற்றது", "இருப்பது" என்ற இந்த இரண்டு தொகைகளுக்கும் உள்ள வித்தியாசத்திலேதான் தேசத்தின் துயரம் முழுவதும் அடங்கியிருந்தது.

கணக்கெடுப்பது சாமானியமான காரியம் அல்ல. பிறந்து பத்தாம் நாள் கண்மூடிய சிசு கிராம முன்சீபின் புத்தகத்தில் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு மாமியார் அனுமதிக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் பென்சிலும் கையுமாக வந்து "எத்தனை குழந்தை செத்தது?" என்று கேட்டால் எந்த வீட்டில் பதில் சொல்வார்கள்? ஆனால் போன வருஷம் இதே வீட்டில் மூத்த மருமகளின் பிரசவத்தைப் பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவள் என்றால், திண்ணையில் இடம் கிடைக்கும், மோரும் கிடைக்கும். காந்திகிராமத்தில் வைத்தியம் முதலில் வந்தது, விசாரணை அதன் பின்னால் வந்தது. ஆத்தூர் ஆராய்ச்சியின் பலமெல்லாம் இந்த வரிசையில்தான் இருந்தது என்று கருதுகிறோம்.

சென்னைக்கு அருகே பூந்தமல்லியிலும் அதே காலத்தில் இதற்கு ஒப்பான பாடம் ஒன்று கிடைத்தது. வங்காளத்துச் சிங்கூர், டில்லி அருகே நஜப்கர், பூந்தமல்லி ஆகிய மூன்று இடங்களில் கிராமக் கக்கூசு பற்றி ஆராய்ச்சி நடத்தினார்கள். கை வாளித் தண்ணீரிலேயே கழுவிவிடக் கூடியதும், தண்ணீர்த் தடுப்பினால் நாற்றத்தையும் ஈயையும் மறிக்கக் கூடியதுமான அமைப்பு அங்கிருந்து பிறந்து தேசமெங்கும் பரவிற்று. எந்தத் தொட்டி வேண்டும் என்று நிபுணர்கள் தாமே முடிவு செய்யாமல், உட்காருகிறவர்களின் சௌகரியத்தைக் கேட்டறிந்ததன் பலன் அது.

இனி, கதையின் கடினமான பகுதிக்கு வருவோம். ஆத்தூர் வீடுகளில் பெண்கள் மறுபடியும் மறுபடியும் பிரசவித்து நலிந்தார்கள். இதற்கு வைத்திய சாஸ்திரம் வைத்திருந்த மருந்து கருத்தடை. காந்தியடிகளோ செயற்கைக் கருத்தடையை வன்மையாக எதிர்த்தவர். 1935 டிசம்பரில் அமெரிக்க மாது மார்கரெட் ஸாங்கர் வார்தாவுக்கே வந்து வாதாடியும் அவர் இசையவில்லை. சுயக்கட்டுப்பாடே வழி என்றார். அந்த மகானின் பெயரைத் தாங்கிய கிராமத்தில், அவருடைய ஆசியோடு மணந்தவர்கள் நிறுவிய ஸ்தாபனத்தில், அவர் மறுத்த மருந்தைக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லும் ஆராய்ச்சி நடந்தது! குருத்துரோகம் என்று இதைச் சொல்பவர் சொல்லட்டும். பெற்றது ஒன்பது, இருப்பது மூன்று என்று எழுதப்பட்ட பக்கத்தைப் படித்த பிறகு ஒரு பெண் டாக்டர் வேறு எதைச் செய்திருக்க முடியும்? அந்த மருந்தையும் திணிக்காமல் எடுத்துச் சொல்வதே திட்டத்தின் உயிர்நாடி. ஊரில் யாருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று அறிந்து அவர்களோடு முதலில் பேசுவது, குழுவாகக் கூடி விவாதிப்பது, சாதனத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது ஆகிய இவையே வழிகள். 1963-இல் மத்திய அரசு தேசம் முழுவதற்கும் வகுத்த விஸ்தரிப்புக் கல்வி முறையும் இந்தப் போக்கையே தழுவியது. ஆத்தூர் வட்டாரத்தில் சுமார் பத்தாண்டுகளில் பிறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்தது.

சௌந்தரம் அம்மாள் 1962 முதல் 1967 வரை மத்திய அரசில் கல்வித் துணை மந்திரியாக இருந்தார். டாக்டருக்கு ஏன் கல்வி இலாகா என்று கேட்டவர்கள் காந்திகிராமத்தை அறியாதவர்கள்.

எடுத்துச் சொல்லும் முறையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தேசம் சீக்கிரத்திலேயே பார்த்தது. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஒவ்வோர் ஊழியருக்கும் இத்தனை தலை என்று இலக்கு விதித்தார்கள். வட நாட்டுக் கிராமங்களில் சுகாதார ஊழியரைக் கண்டதும் ஆண்கள் வயற்காட்டில் ஓடி ஒளிந்தார்கள். நர்ஸம்மாவின் நோட்டுப் புத்தகம் பிடித்துக் கொண்டு போகிறவர்களின் ஜாபிதாவாக மாறினால், அம்மை குத்தக்கூட அப்புறம் யார் கதவைத் திறப்பார்கள்? அந்த இலக்கு முறையை அரசு கைவிட 1996 வரை சென்றது.

அந்த 1976-ஆம் ஆண்டிலேதான் காந்திகிராமத்து உயர்கல்வி நிலையம் சர்வகலாசாலைக்கு நிகரான அந்தஸ்தைப் பெற்றது. சர்வகலாசாலை வேறு, சுகாதார நிலையம் வேறு. வேர் மட்டும் ஒன்று. சௌந்தரம் அம்மாள் 1984-இல் மறைந்தார், ராமச்சந்திரன் 1995-இல். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் தொகை, தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992-93-இல் 2.5 ஆக இருந்து, 2005-06-இல் 1.8 ஆக இறங்கியது. இது ஒரு ஸ்தாபனத்தின் சாதனை என்று சொல்வது மடமை. பெண்கள் படித்தார்கள், பஸ் வந்தது, சத்துணவு வந்தது, குழந்தைகள் பிழைத்தன. இவற்றோடு நர்ஸம்மாவும் நடந்தாள்.

மறுபடி அரியலூருக்குத் திரும்புவோம். இப்பொழுது மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் முதல் ஆண்டிலேயே கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொண்டு, சில ஆண்டுகள் தொடர்ந்து அவர்கள் நலனைக் கவனித்து வர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 முதல் விதித்திருக்கிறது. ஆகவே அரியலூர்க் கல்லூரிப் பிள்ளைகளும் நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் இறங்க வேண்டும். கேட்பதற்குக் கேள்விகளுக்கா பஞ்சம்? சுரங்கத்துத் தூசி படியும் ஊரில் முதியவர்கள் மூச்சு விடுவது எப்படி இருக்கிறது? சித்திரை வெயிலில் முந்திரிக் கொட்டை பொறுக்கும் பெண் எத்தனை குவளை தண்ணீர் குடிக்கிறாள்? பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்த பிறகு, நாற்பதாம் நாள் வரையில் அவளைப் பார்க்க வருகிறவர் யார்?

ஆனால் எந்த வீட்டிலும் முதல் கேள்வியை மாணவர் கேட்கப் போவதில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே அந்த வீட்டுக் கிழவி கேட்பாள்: "எழுதிக்கிட்டுப் போறியே தம்பி, திரும்பி வருவியா?"