பாறை நிலம் – 7: யாரும் அடுக்காத கற்கள்

சென்ற வாரம் திருவக்கரையில் பார்த்த கல்மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். ஹைதராபாத்தின் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி. கோல்கொண்டா கோட்டையில் ஏறுபவர்கள் மூச்சு வாங்கச் சாய்ந்து நிற்பதும் இந்தப் பாறைகளில்தான். கோட்டையைக் கட்டியவர்கள் அவற்றை அகற்றவில்லை. மதிலோடு சேர்த்தே கட்டினார்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இந்தக் கற்களைப் பார்ப்பவர்கள் எங்கிருந்தோ உருண்டு வந்தவை என்பார்கள், அல்லது யாரோ தூக்கி வைத்தவை என்பார்கள். இரண்டும் இல்லை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் உருவான கிரானைட் இது. மேலே இருந்த பாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, அழுத்தம் தளர்ந்து பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விட்டது. அதன் வழியே மழைநீர் இறங்கியது. தண்ணீர் பட்டுப் பட்டு ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணானது, குவார்ட்ஸ் மணலாக உதிர்ந்தது. கட்டியான பாறையில் மூலையைத்தான் தண்ணீர் பல பக்கமும் தாக்கும். அதனால் மூலைகள் முதலில் கரைந்து நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சியது. பிறகு சுற்றியிருந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போயிற்று. உருண்டைகள் இருந்த இடத்திலேயே ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தன.

ஹைதராபாத்தின் காஜாகுடா குன்றில் ஏதாவது ஒரு பாறைக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேற்பரப்பு வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்திருக்கும். உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரும் சாம்பல் நிறக் குவார்ட்ஸும் கறுப்பு மைக்காவும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைக் கல் உருவானதும் இதே வழியில்தான்.

இப்படிப்பட்ட பாறைகளைப் பார்த்து அறிய மக்களை அழைப்பதுதான் புவிச்சுற்றுலா. ஓர் இடம் அதற்கு ஏற்றதா என்று மதிப்பிட முறைகள் உண்டு. போர்ச்சுகல் நிலவியலாளர் ஜோசே பிரில்யா 2016-இல் வெளியிட்ட முறை அவற்றில் ஒன்று. அறிவியல் மதிப்பு, கல்விப் பயன், சுற்றுலாப் பயன், அழியும் அபாயம் ஆகிய நான்குக்கும் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும். அறிவியல் மதிப்பில் 100-க்கு 30, ஒரு நிலவியல் நிகழ்வை அந்த இடம் எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதற்கே போகிறது.

ஹைதராபாத்தில் நாம் சறுக்கியது இங்கேதான். 1996-இல் தொடங்கிய 'சொசைட்டி டு சேவ் ராக்ஸ்' அமைப்பின் நரேந்திர லூதர், ஃபிராக்கே காதர் போன்றவர்கள் பாறைகளுக்காக ஓயாமல் வாதாடினார்கள். ஷில்பாராமத்தின் 'கரடி மூக்கு', ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தின் 'காளான் பாறை' உட்பட 9 பாறை இடங்கள் நகரின் மரபுப் பட்டியலில் ஏறின. அது பெரிய சாதனை. ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பாதுகாப்புத் தந்த விதியையே 2015-இல் அரசு நீக்கிவிட்டது. பட்டியலிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதில் பெரும்பாலானவை விசித்திரமான வடிவத்துக்காகத் தேர்ந்தெடுத்த ஒற்றைக் கற்கள். சுற்றியிருந்த குன்றை வெடிவைத்துத் தகர்த்து ஜல்லியாக்கிவிட்டு, அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு கல்லை மட்டும் வேலி போட்டு வைத்தால் அது எதைக் காட்டும்? வெடிப்பு, மண், பாதி புதைந்த உருண்டை, முழுதாக வெளிவந்த அடுக்கு என எல்லாம் ஒரே சரிவில் இருந்தால்தான் பார்ப்பவருக்குக் கதை புரியும். மதிப்பிட வேண்டியது குன்றை. மலேசியாவின் லங்காவியில் 99 தீவுகளையும் சேர்த்தே புவிப்பூங்கா ஆக்கினார்கள். 2007-இல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற உலகப் புவிப்பூங்கா வலையமைப்பில் அது இடம்பெற்றது. இந்தியாவிலிருந்து அதில் ஒன்றுகூட இல்லை.

அழியும் அபாயத்துக்கு மதிப்பெண் போடக் கணக்கே தேவையில்லை. 2025 மார்ச் இறுதியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கரில் புல்டோசர்கள் இறங்கியபோது, உச்ச நீதிமன்றம் தலையிட்டு வேலையை நிறுத்த வேண்டியிருந்தது.

புவிச்சுற்றுலாவுக்கு என் தேர்வு காஜாகுடா. அந்தக் குன்றில் தர்காவும் இருக்கிறது, கோயிலும் இருக்கிறது. மக்கள் ஏற்கெனவே வந்து போகிறார்கள். பக்கத்தில் துர்கம் செருவு ஏரி, அதன் கரையிலும் பாறைகள். ஏரியின்மேல் 2020-இல் திறந்த கம்பிவடப் பாலத்தைப் பார்க்க வரும் கூட்டத்தை இங்கே திருப்புவது கடினமில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பயிற்சி நிறுவனமும் இதே ஊரில், பண்ட்லகுடாவில் இருக்கிறது. விளக்கிச் சொல்ல ஆள் தேடி வெளியூர் போக வேண்டாம்.

அடுத்த வாரம், தெலங்கானாவின் மணற்கல் குன்றுகளும் பாறை ஓவியங்களும்: பாண்டவுல குட்டா.

(தொடரும்)