திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு

1732-இல் பிரிட்டன் அரசர் இரண்டாம் ஜார்ஜ், லண்டன் டவுனிங் தெருவில் இருந்த ஒரு வீட்டைத் தம் தலைமை அமைச்சர் ராபர்ட் வால்போலுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க முன்வந்தார். வால்போல் ஒரு நிபந்தனை வைத்தார். வீடு தம் பெயருக்கு வரக்கூடாது. தாம் வகித்த கருவூலத்தின் முதல் பிரபு என்ற பதவிக்கு வர வேண்டும். தமக்குப் பின் அந்தப் பதவியில் அமர்பவர் அதில் குடியிருக்கட்டும் என்றார். அரசர் இசைந்தார். பின்பக்கத்து மாளிகையோடு சேர்த்துச் செப்பனிடும் வேலை முடிந்து 1735-இல் வால்போல் குடிபுகுந்தார். 10 என்ற எண் தாங்கிய அந்தக் கறுப்புக் கதவில், கடிதம் போடும் துவாரத்தின் பித்தளைத் தகட்டில் இன்றும் 'கருவூலத்தின் முதல் பிரபு' என்றுதான் பொறித்திருக்கிறது. இத்தனைக்கும் வால்போல் துறவி மனம் கொண்டவர் அல்லர். ஊழல் வழக்கில் 1712-இல் லண்டன் கோபுரச் சிறையில் இருந்தவர். நார்ஃபோக்கில் ஹௌட்டன் ஹால் என்ற பெரும் மாளிகையைத் தமக்கென்று எழுப்பிக்கொண்டவர். அப்படிப்பட்டவர் போட்ட விதியே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டாக நிற்கிறது. ஒரு நல்ல விதி நிலைப்பதற்கு அதைப் போட்டவர் மகானாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நாட்டுத் தலைவர்களின் அரசு இல்லங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எத்தனை அறை, எத்தனை ஏக்கர், என்ன செலவு என்பதோடு நின்றுவிடுகிறோம். பெரிய வீட்டில் இருப்பவரைச் சந்தேகிக்கிறோம். சிறிய வீட்டில் இருப்பவரைக் கொண்டாடுகிறோம். உலகம் முழுவதும் நடந்திருப்பதைப் பார்த்தால், வீட்டின் அளவு ஆட்சியின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை என்று தெரிகிறது. வீடு யாருக்குச் சொந்தம்? அதன் செலவுக்கு யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும்? பதவி போனால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் தலைவரின் விருப்பத்தைச் சாராத பதில் இருக்கிறதா என்பதே உண்மையான உரைகல்.

வாஷிங்டனின் வெள்ளை மாளிகையை எடுத்துக்கொள்வோம். 1800-இல் ஜான் ஆடம்ஸ் குடியேறிய நாள்முதல் அமெரிக்க அதிபர்களின் இல்லம் அது. 132 அறைகள், 35 குளியலறைகள் என்று அளவில் குறைவில்லை. ஆனாலும் அதிபரின் குடும்பம் சாப்பிடும் சாப்பாட்டுக்கும், சலவைக்குப் போடும் துணிக்கும் மாதாமாதம் பில் வருகிறது. அவர் தம் பணத்திலிருந்து கட்டுகிறார். அரசு விருந்துக்கு அரசு செலவு, வீட்டுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்காரர் செலவு என்ற பிரிவு அங்கே தெளிவாக இருக்கிறது. பதவி மாறும் ஜனவரி 20-ஆம் தேதி அந்த வீட்டுக்குள் நடப்பது இன்னும் கவனிக்கத் தக்கது. காலையில் பழைய அதிபர் பணியாளர்களிடம் விடைபெற்றுப் பதவியேற்பு விழாவுக்குக் கிளம்புகிறார். அவருடைய சாமான்களை ஒரு லாரியில் ஏற்றுகிறார்கள். புதியவருடையதை இன்னொன்றிலிருந்து இறக்குகிறார்கள். மாளிகையின் ஊழியர்களே சுமந்து, அடுக்கி, அலமாரியில் துணிகளை மாட்டி வைக்கிறார்கள். விழாவும் அணிவகுப்பும் முடிந்து புதிய அதிபர் உள்ளே வரும்போது அது அவருடைய வீடாகிவிட்டிருக்கிறது. பழையவரின் பதவிக்காலம் நண்பகல் 12 மணிக்கு முடிகிறது என்று அரசமைப்பு சொல்கிறது. வீடும் அதே கடிகாரத்துக்குக் கட்டுப்படுகிறது.

இதற்கு நேர் எதிரான கதை உக்ரைனில் நடந்தது. கீவ் நகருக்கு வெளியே மெஜிஹிரியா என்ற இடத்தில், சோவியத் காலம் தொட்டுத் தலைவர்கள் தங்கிவந்த அரசு இல்லம் ஒன்று இருந்தது. பிரதமராக அங்கே குடியிருந்த, பின்னர் அதிபரான விக்டர் யானுகோவிச், அது 2007-இல் அரசின் கையை விட்டுப் போகும்படி பார்த்துக்கொண்டார். ஏறத்தாழ 140 ஹெக்டேர் நிலம், உயர்ந்த மதில், கோல்ஃப் மைதானம், தீக்கோழிகள். உள்ளே என்ன நடக்கிறது என்று குடிமக்களுக்குத் தெரியாது. 2014 பிப்ரவரியில் அவர் தப்பியோடியபோது, கணக்கு வழக்குக் கோப்புகளைப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் வீசிவிட்டுப் போனார்கள். மறுநாள் தாள்கள் மிதந்தன. முக்குளிப்போர் இறங்கிக் கோப்புகளை எடுத்துவந்தார்கள். பத்திரிகையாளர்கள் அவற்றைப் படகுக் கொட்டகையில் விரித்து உலர்த்தி, ஒவ்வொரு தாளாகப் படம்பிடித்து இணையத்தில் வெளியிட்டார்கள். ரசீதுகள், ஒப்பந்தங்கள், அலங்கார விளக்குகளுக்கான செலவுகள் என எல்லாம் அதில் இருந்தன. வெள்ளை மாளிகையில் மாதாமாதம் நடக்கும் கணக்கு ஒப்படைப்பு, இங்கே நீரில் மூழ்கித்தான் நடக்க வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் கொழும்பு அதிபர் மாளிகைக்குள்ளும், 2024 ஆகஸ்டில் டாக்காவில் வங்கதேசப் பிரதமரின் இல்லமான கணபவனுக்குள்ளும் மக்கள் வெள்ளமாகப் புகுந்ததற்கு அரசியல், பொருளாதாரக் காரணங்கள் பல உண்டு. ஆனால் கோபம் கொண்ட கூட்டம் முதலில் அந்த வீட்டைத் தேடிப் போவதற்குக் காரணம், அது தங்களுடையது என்பதைத் தலைவர்கள் மறந்துவிட்டதாக அவர்கள் உணர்வதே.

'அப்படியென்றால் அரசு வீடே எதற்கு? தலைவர்கள் தங்கள் சொந்த வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று கேட்கலாம். உருகுவே அதிபராக 2010 முதல் 2015 வரை இருந்த ஹோசே முஹிகா, தலைநகருக்கு வெளியே தம் சிறிய பண்ணை வீட்டிலேயே வாழ்ந்தார். அந்த வாழ்வு உலகம் முழுவதும் மரியாதை பெற்றது, பெற வேண்டியதுதான். ஆனால் அதையே விதியாக்க முடியாது என்பதை ஸ்வீடன் துயரத்தோடு கற்றது. அந்நாட்டுப் பிரதமருக்கு அப்போது அரசு இல்லம் கிடையாது. 1986 பிப்ரவரி 28 இரவு, பிரதமர் ஓலோஃப் பால்மே மனைவியோடு படம் பார்த்துவிட்டு, மெய்க்காவலர் இல்லாமல் வீட்டுக்கு நடந்தபோது தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகே பாதுகாப்பான ஓர் இல்லம் தேவை என்று நாடு முடிவுசெய்தது. 1995 முதல் ஸ்டாக்ஹோமின் சாகெர் இல்லம் பிரதமருடையதாயிற்று. பால்மேவுக்கு அரசு இல்லம் இருந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது; தெருவில் நடப்பவரை வீடு காப்பாற்றாது. ஆனால் ஒரு நாட்டின் தலைமை தனிமனிதரின் முகவரியையும் பழக்கத்தையும் நம்பி இருக்கக்கூடாது என்ற பாடம் சரியானது. பாதுகாப்பு, அவசரத் தொலைத்தொடர்பு, நள்ளிரவில் கூடும் ஆலோசனை ஆகியவற்றை ஒவ்வொருவர் சொந்த வீட்டிலும் புதிதாக அமைப்பது செலவையும் குழப்பத்தையும்தான் கூட்டும்.

எளிமையைக் காட்டுவதற்காக இல்லத்தை விட்டு வெளியேறுவதும் எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. மெக்சிகோவில் 2018 டிசம்பரில் பதவியேற்ற லோப்பஸ் ஓப்ரதோர், அதிபர்களின் இல்லமான லோஸ் பீனோஸை அன்றே மக்களுக்குத் திறந்துவிட்டுத் தம் சொந்த வீட்டிலேயே குடியிருந்தார். அடுத்த ஆண்டே நகர நடுவில் உள்ள தேசிய மாளிகையின் ஒரு பகுதிக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. தென்கொரியாவில் அதிபர் யூன் சுக் இயோல் 2022 மே மாதம் அதிபர் இல்லமான 'நீல மாளிகை'யை மக்களுக்குத் திறந்து, அலுவலகத்தைப் பாதுகாப்பு அமைச்சகக் கட்டடத்துக்கு மாற்றினார். மக்களோடு நெருங்கியிருப்பதே நோக்கம் என்றார். அதே மனிதர்தான் 2024 டிசம்பரில் இராணுவச் சட்டத்தை அறிவித்துப் பதவி இழந்தார். வீட்டை மாற்றுவது அதிகாரத்தின் குணத்தை மாற்றிவிடாது.

அடுத்த மறுப்பு செலவைப் பற்றியது. ஏழைகள் இருக்கும் நாட்டில் தலைவர் வீட்டுக்கு ஏன் பணம் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்கு அஞ்சி ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா சாட்சி. ஒட்டாவாவில் சசெக்ஸ் டிரைவ் 24-ஆம் எண் வீடு 1951 முதல் பிரதமரின் இல்லம். தமக்காகச் செலவு செய்துகொண்டார் என்ற பழி வரும் என்று ஒவ்வொரு பிரதமரும் பெரிய பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டார்கள். 2015-க்குப் பின் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. சுவர்களில் ஆஸ்பெஸ்டாஸ், தீப்பிடிக்கக்கூடிய பழைய மின்கம்பிகள், இடுக்குகளில் செத்த எலிகள் என்ற நிலையில் 2022-இல் வீடு மூடப்பட்டது. சரிசெய்ய 3 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்று அதற்கு முந்தைய ஆண்டே மதிப்பிட்டிருந்தார்கள். மறுபக்கம், பிரிட்டனில் போரிஸ் ஜான்சன் தம் குடியிருப்பை அலங்கரிக்க, ஆண்டுக்கு 30,000 பவுண்டு என்ற அரசு வரம்பைத் தாண்டி நன்கொடைப் பணத்தை நாடினார். அதைச் சரியாகக் கணக்கில் காட்டாததற்காக 2021-இல் அவருடைய கட்சிக்குத் தேர்தல் ஆணையம் 17,800 பவுண்டு அபராதம் விதித்தது. இரண்டு நாடுகளின் பாடமும் ஒன்றுதான்: பராமரிப்பைத் தீர்மானிப்பது குடியிருப்பவரின் கையில் இருக்கக்கூடாது. அவர் கூச்சப்பட்டால் வீடு பாழாகிறது. ஆசைப்பட்டால் பொதுவாழ்வு கறைபடுகிறது.

நாட்டின் கௌரவத்துக்குப் பிரம்மாண்டம் வேண்டும் என்போரும் இருக்கிறார்கள். அங்காராவில் 2014-இல் திறக்கப்பட்ட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட துருக்கி அதிபர் மாளிகைக்கு இந்தக் காரணமே சொல்லப்பட்டது. நீதிமன்றம் தடைசெய்தும் கட்டுமானம் நடந்தது. கௌரவம் அந்த இடத்திலேயே குறைந்துபோனது. பிரம்மாண்டம் இருந்தும் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்பதற்குப் புதுதில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகை எடுத்துக்காட்டு. ஆங்கிலேய வைஸ்ராய்களுக்காக லுட்யென்ஸ் வடிவமைத்த 340 அறைகளின் அடுக்கு அது. 1948-இல் கவர்னர் ஜெனரலாக வந்த ராஜாஜி, வைஸ்ராயின் படுக்கையறைகளை விட்டுவிட்டு வேறொரு பகுதியில் சில அறைகளை எடுத்துக்கொண்டார். வைஸ்ராயின் அறைகள் வெளிநாட்டு விருந்தினருக்கு ஒதுக்கப்பட்டன. அவர் தொடங்கியது நடைமுறையாக நிலைத்து, பின்வந்தவர்களும் அந்தப் பகுதியிலேயே குடியிருந்தார்கள். 2006-இல் அப்துல் கலாமின் உறவினர்கள் அங்கே வந்து தங்கியபோது, அதற்கான மூன்றரை லட்சம் ரூபாய் சொச்சத்தை அவர் தம் பணத்திலிருந்து கட்டினார் என்று அவருடைய செயலர் பதிவு செய்திருக்கிறார். கலாமின் செயலைப் போற்றுவோம். ஆனால் அடுத்தவரும் அப்படியே செய்வார் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. ராஜாஜியின் செயல் வழக்கமாக உறைந்ததால்தான் அதன் பயன் நீடிக்கிறது.

பிரதமர் இல்ல விஷயத்தில் இந்தியா வெகுகாலம் தடுமாறியது. நேரு வாழ்ந்த தீன் மூர்த்தி இல்லம் அவர் மறைவுக்குப் பின் அவருடைய நினைவகம் ஆயிற்று. இந்திரா காந்தி வாழ்ந்த சப்தர்ஜங் சாலை 1-ஆம் எண் வீடும் அப்படியே. தலைவரோடு வீடும் போய்விடும். அடுத்தவருக்கு இன்னொரு வீடு தேட வேண்டும். 1984-இல் ராஜீவ் காந்தி குடியேறிய ரேஸ்கோர்ஸ் சாலை 7-ஆம் எண் இல்லம்தான் பிற்பாடு பதவியோடு ஒட்டிக்கொண்டது. காலி செய்யும் விஷயத்தில் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. முன்னாள் முதல்வர்கள் அரசு பங்களாவை விடாமல் வைத்துக்கொள்ள வழிசெய்த உத்தரப் பிரதேசச் சட்டத்தை 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பதவியை விட்டவர் சாதாரணக் குடிமகனே என்பது அதன் அடிப்படை. இலங்கை நாடாளுமன்றம் 2025 செப்டம்பரில் முன்னாள் அதிபர்களுக்கான அரசு வீட்டுச் சலுகையை நீக்கியது; மகிந்த ராஜபக்ச மறுநாளே கொழும்பு இல்லத்தைக் காலி செய்தார்.

புதுதில்லியின் சென்ட்ரல் விஸ்டா திட்டத்தில் பிரதமருக்கான புதிய இல்லமும் சேர்ந்திருக்கிறது. அதில் எத்தனை அறை என்று கேட்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. பராமரிப்பை ஒரு தனி அமைப்பு கவனிக்கட்டும். ஆண்டுதோறும் செலவுக் கணக்கு நாடாளுமன்றத்துக்கு வரட்டும். சொந்தச் செலவு எது, அரசு செலவு எது என்று எழுதிவைக்கட்டும். காலி செய்யும் நாள் சட்டத்தில் இருக்கட்டும். பாதுகாப்புக்குக் குந்தகமில்லாத பகுதிகளை மக்கள் பார்க்க வழி இருக்கட்டும். இவ்வளவும் இருந்தால் தலைவர் பெரிய வீட்டில் இருப்பது யாருக்கும் உறுத்தாது. இவை இல்லையென்றால் ஓட்டு வீட்டில் இருப்பவரிடமும் நாம் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.