கலத்தின் தூய்மையும் நொதித்தலின் நெறியும்

யாழ்ப்பாணத்துப் பனையொன்றில் மாலைவேளையில் இரண்டு முட்டிகள் கட்டப்படுகின்றன. ஒன்றின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசப்பட்டுள்ளது. மற்றது வாளா விடப்பட்டுள்ளது. பாளையினின்று இரண்டிலும் வடிவது ஒரே இன்சாறு. எனினும், மறுநாட் காலையில் முன்னதிலிருந்து இறக்கப்படுவது கருப்பநீர். பின்னதிலிருந்து இறக்கப்படுவது கள். கருப்பநீர் சிறுவர்க்கும் உகந்த பானம், காய்ச்சினாற் பனங்கட்டியாவது. கள்ளோ வெறியூட்டுவது, வள்ளுவர் தனியோர் அதிகாரம் வகுத்து விலக்கியது. மரமும் ஒன்று, சாறும் ஒன்று, வேறுபட்டது கலத்தின் உட்புறம் மட்டுமே.

இதன் காரணம் யாது? மதுவம் என்னும் நுண்ணங்கி சாற்றிலுள்ள வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. இதுவே நொதித்தல் எனப்படும். மதுவம் பாளையின் மேலும், அங்கு மொய்க்கும் பூச்சிகளின் உடலிலும், நேற்றைய முட்டியின் நுண்துளைகளிலும் உறைவது. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்குகின்றது. மிகுந்த காரத்தில் மதுவம் பெருகமாட்டாது. நுணுக்குக்காட்டியைக் காணாத தொழிலாளர், தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்து காத்த உண்மை இது. அவர்தம் தொழிலை இழிவென்று ஒதுக்கிய கற்றோர், அத்தொழிலினுள் அடங்கிய அறிவையும் உடன் ஒதுக்கினர். அதனால் நேர்ந்த இழப்பு கற்றோர்க்கே உரியது.

ஐரோப்பாவில் இவ்வுண்மை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விளக்கம் பெற்றது. 1856ஆம் ஆண்டிற் பிரான்சின் லீல் நகரிற் பேராசிரியராயிருந்த லூயி பாஸ்டரிடம், பீற்றுக்கிழங்கிலிருந்து அற்ககோல் வடிப்போர் ஒருவர் தம் தொட்டிகள் சில கெட்டுப் புளிப்பதாக முறையிட்டார். பாஸ்டர் இருவகைத் தொட்டிகளினின்றும் துளிகள் எடுத்து ஆராய்ந்தார். நல்ல தொட்டியில் உருண்டையான மதுவக் கலங்களையும், கெட்ட தொட்டியிற் கோல் வடிவான வேறு நுண்ணங்கிகளையும் அவர் கண்டார். 1866இல் திராட்சை மதுவைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், மதுவின் நோய்களுக்கு வேண்டாத நுண்ணங்கிகளே காரணம் என நிறுவியது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. தென்னங்கள்ளைக் காற்றுப்பட விட்டால், அதன் அற்ககோலை அசற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் புளிக்கச்செய்து வினாகிரி ஆக்குகின்றன. வினாகிரி செய்வோனுக்கு அப்பற்றீரியா தொழிலாளி. மது செய்வோனுக்கோ அதுவே கள்வன். ஆகவே, கலத்தைத் தூய்மைப்படுத்துவதன் நோக்கம் உயிரனைத்தையும் ஒழிப்பதன்று. வேண்டிய உயிரொன்று இடையூறின்றித் தன் தொழிலைச் செய்ய இடமளிப்பதே.

இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, உத்தரவுச்சீட்டு இன்றி மதுபானம் ஆக்குதல் குற்றமாகும். எனினும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இல்லங்களில் நெல்லிரசமும் இஞ்சிப்பானமும் போத்தல்களில் அடைக்கப்படுவதுண்டு. கடற்காற்றின் ஈரமும் வெப்பமும் பூஞ்சணத்துக்கு உகந்தவை. எனவே, மது செய்வோர் கைக்கொள்ளும் நெறி இவ்வில்லங்களுக்கும் வேண்டற்பாலது.

அந்நெறி இரு படிகளை உடையது. முதலாவது கழுவுதல், இரண்டாவது கிருமிநீக்கல். இவை இரண்டும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பிழை. சவர்க்காரமும் சலவைச் சோடாவும் அழுக்கை அகற்றும், கண்ணாடி பளபளக்கும். ஆயினும், கண்ணுக்குப் புலனாகா நுண்ணங்கிகள் அதில் எஞ்சியிருத்தல் கூடும். மறுதலையாக, அழுக்கின்மேல் ஊற்றப்படும் குளோரீன் அவ்வழுக்கோடு தாக்கமுற்றுத் தன் வலியை இழந்துவிடும். ஆதலின், தூரிகையால் தேய்த்துக் கழுவிய பின்னரே கிருமிநீக்கல் பயன்தரும்.

கண்ணாடிப் போத்தல்களுக்கு எளிய வழி கொதிநீரே. குளிர்நீரில் அவற்றை அமிழ்த்தி, மெல்லச் சூடேற்றி, 10 நிமிடம் கொதிக்கவிடல் வேண்டும். திடீரெனக் கொதிநீர் ஊற்றினாற் கண்ணாடி வெடிக்கும். வெப்பந்தாங்காத குழாய்களையும் மூடிகளையும், மணமூட்டப்படாத 5 சதவீத வெளிற்றுந் திரவத்தில் 15 மில்லிலீற்றரை 4 லீற்றர் நீரிற் கலந்து, சில நிமிடம் ஊறவைத்து, கொதித்தாறிய நீரால் நன்கு அலசலாம். மது செய்வோர் சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைசலையும் வழங்குவர். அது வெளிவிடும் கந்தகவீரொட்சைட்டு நுண்ணங்கிகளை அடக்கவல்லது. ஆனால், தொய்வு நோயுடையோர்க்கு ஊறு செய்வது.

இவ்விடயத்திற் பிழை நேரின், கெடுவது சுவை மட்டுமன்று. அழுக்குப் போத்தலில் எஞ்சிய மதுவம், இனிப்புப் பானத்தை இறுக மூடியபின் மீண்டும் நொதிக்கச்செய்து வாயுவைப் பெருக்கும். அவ்வழுத்தத்தாற் போத்தல் வெடித்துச் சிதறும் கண்ணாடித்துண்டு, அருகில் நிற்கும் பிள்ளையின் கண்ணைப் பறிக்கவும் கூடும். வெளிற்றுந் திரவத்தை வினாகிரியுடனோ தேசிக்காய்ச் சாற்றுடனோ கலந்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரீன் வாயு எழும்; வலிமை கூடுமெனக் கருதி இவ்வாறு கலத்தல் உயிருக்கே ஆபத்தானது. மண்ணெண்ணெயோ பூச்சிநாசினியோ இருந்த போத்தலை எத்துணை கழுவினும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது. பழைய போத்தல்களை விலைக்கு வாங்குவோர் இதனை மறத்தலாகாது. புளிப்புச் சாறுகளை ஈயம் பூசாத பித்தளையில் வைத்தாற் களிம்பேறும் என்று மூதாட்டியர் விலக்கியதும் இக்கருத்துப் பற்றியதே.

பனையேறுவோன் பூசிய சுண்ணாம்பும், பாஸ்டர் கண்ட கோலுயிரும், மூதாட்டி விலக்கிய பித்தளையும் உணர்த்துவது ஒன்றே: கலத்தை நோக்காது பண்டத்தைக் குறைகூறுதல் அறிவுடைமையன்று. ஆய்வுகூடத்திற் சோதனைக்குழாயைக் கழுவும் மாணவன், அதனை வெறும் ஏவற்பணியெனக் கருதலாகாது. அவன் செய்யப்புகும் பரிசோதனையின் முதற்பகுதி அதுவே.